எதுத்தாத்து மாமாவை மன்னிக்கும் முறை

தேவையான பொருட்கள்: நன்றாக முற்றிய பகை, ஒன்று. ஐந்து வருடத்துக்குக் குறைந்த இளம் பகை வேண்டாம். அது ஒரு தீபாவளி பட்சணத் தட்டோடு தானாக வாடிவிடும். பகைக்குரிய ஆள் ஒருவர், உயிரோடு. ஏன் உயிரோடு என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவர் வீட்டு வாசல் கண்ணில் படுகிற மாதிரி ஒரு திண்ணையோ பால்கனியோ. விடியற்காலையில் அரைமணி நேரம். பொறுமை தேவையில்லை. அது கைவசம் இருக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போகலாம்.

என் கைவசம் இருந்த பகைக்குப் பதினான்கு வயது. விஷயம் ஒரு உருளி. வெண்கலம், இரண்டு படி அரிசி தாராளமாகப் பொங்கும் அளவு, தூக்கினால் இடுப்பு பேசும். விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய 'ர.' என்ற எழுத்து. பாட்டியின் பெயருக்கு முதலெழுத்து. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. எதிர்வீட்டு மாமா, எங்கள் பேச்சில் எதுத்தாத்து மாமா, தன் பேரனின் ஆண்டு நிறைவுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க அதை வாங்கிக்கொண்டு போனார். அம்மா புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்ததை நானே பார்த்தேன். பொங்கல் வந்தது, ஒரு சம்படத்தில். உருளி வரவில்லை.

முதல் மாதம் கேட்கக் கூச்சம். ஆறாவது மாதம், இதைப் போய் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று நினைப்பார்களோ என்ற யோசனை. இரண்டாவது வருடத்தில் கேட்கிற கட்டம் தாண்டி, கறுவுகிற கட்டம் வந்துவிட்டது. வெண்பொங்கல் வைக்கும் நாளெல்லாம் அம்மா குக்கரைப் பார்த்து, "உருளியில வெச்சா இப்படியா இருக்கும்" என்பாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். போகும்போது அந்தப் பார்வையைத்தான் எனக்குச் சொத்தாக விட்டுப் போனாள்.

மன்னிப்பு என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, 2002இல் 'ரமணா' படத்தில் விஜயகாந்த் காட்டிய வழி: அந்தச் சொல்லையே தமிழிலிருந்து தள்ளி வைத்துவிடுவது. இன்னொன்று கல்யாண வீட்டு வழி: பெரியவர்கள் நாலு பேர் தோளைப் பிடித்து அமுக்கி, விட்டுக்கொடுத்துப் போ என்று சொல்லி, பந்தியில் பக்கத்து இலையில் உட்கார வைப்பது. இரண்டிலும் கோபம் இருந்த இடத்தில் சௌக்கியமாக இருக்கும். இரண்டாவதில் வடை பாயசம் கூடுதல்.

மூன்றாவது வழி ஒன்றை ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நூல் விசுத்திமக்கம், எழுதியவர் புத்தகோசர், இடம் அநுராதபுரத்து மகாவிகாரை, மொழி பாலி. மைத்திரி, அதாவது பிறருக்கு நல்லது நினைப்பது, முதலான நான்கு பாவனைகளைப் பற்றிய ஒன்பதாம் அத்தியாயத்தில், எதிரி மேல் வந்த கோபம் போகாதவன் என்னென்ன செய்து பார்க்கலாம் என்று ஒரு வரிசை வருகிறது. உபதேசம் என்று நினைத்துப் பயந்துகொண்டுதான் திறந்தேன். உள்ளே இருந்தவர் ஒரு பழைய மெக்கானிக். கிக்கரை உதைத்துப் பார். கிளம்பவில்லையா, சோக்கை இழு. அதற்கும் மசியவில்லையா, பிளக்கைக் கழற்றித் துடை. ஒவ்வொரு படிக்கும் முன்னால், இதுவும் பலிக்கவில்லை என்றால் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. மனுஷன் நிறைய கோபக்காரர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

வேற்றூர்ச் சரக்கு நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இந்தச் சரக்கில் உறையூருக்கும் ஒரு பங்கு உண்டு. புத்ததத்தர் என்ற பிக்கு உரகபுரத்துக்காரர். உரகபுரம்தான் உறையூர் என்பது பொதுவாக எல்லோரும் சொல்கிற அடையாளம், மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலிலும் இவர் வருகிறார். களப்பிர அரசன் அச்சுதவிக்கந்தன் காலத்தில், சோழநாட்டுப் பூதமங்கலத்து விகாரையில் இருந்துகொண்டு பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சுருக்கி 'வினயவினிச்சயம்' எழுதினார். இவர் இலங்கையில் படித்துவிட்டுத் திரும்பும்போது, அதே வேலைக்காகப் புத்தகோசர் அங்கே போய்க்கொண்டிருந்தாராம். நடுக்கடலில் இரண்டு கப்பலும் சந்தித்தன என்று கதை. ஒரே உரைநூல் வேலைக்கு இரண்டு ஆள். நம் ஊர் இலக்கியக் கூட்டமாக இருந்தால் இரண்டு கப்பலும் அங்கேயே மூழ்கியிருக்கும். உறையூர்க்காரர் தன்னிடம் இருந்த எழுத்தாணியையும் கடுக்காயையும் இளையவரிடம் கொடுத்து, எழுதினதை எனக்கும் அனுப்பி வை, நான் சுருக்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அனுப்பினார், சுருக்கினார். கடுக்காய் எதற்கு என்று கேட்காதீர்கள். கடல் பிரயாணம், வயிறு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

எடுத்த எடுப்பில் எதிரியிடம் போகக் கூடாது. இதில் நூல் கறார். முதலில் தனக்குத்தானே நல்லது நினைக்க வேண்டும், அப்புறம் வேண்டியவர், அப்புறம் வேண்டியவரும் வேண்டாதவரும் இல்லாத ஒரு நடு ஆள், கடைசியாகத்தான் எதிரி. வேண்டியவர் என்றதும் மனைவியை வைத்துத் தொடங்கலாமே என்று தோன்றும். தோன்றிய ஒருவன் கதை நூலிலேயே இருக்கிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவி மேல் மைத்திரி பாவிக்க உட்கார்ந்தவன், அந்தப் பக்கம் போக வழி தெரியாமல் ராத்திரி பூரா சுவரோடு மல்லுக்கட்டினானாம். செத்தவர்களை வைத்தும் செய்யக் கூடாது. ஒரு இளம் பிக்கு தன் ஆசாரியர் மேல் எவ்வளவு முயன்றும் மனம் கூடாமல் தவித்து, விசாரித்தால், ஆசாரியர் காலமாகி இருந்தார். ஆகவே முதலில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். எதுத்தாத்து மாமா இருக்கிறார். காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டு மோட்டார் ஓடுகிற சத்தமே சாட்சி.

எனக்குக் கஷ்டம் வந்தது நடு ஆளில். ஸ்ரீரங்கத்தில் ஒருவர் நெற்றியைப் பார்த்த மாத்திரத்தில் வடகலையா தென்கலையா என்று மனசு கணக்குப் போட்டுவிடும், அப்புறம் எங்கே நடு? பஸ் கண்டக்டரை எடுத்துக்கொள்ளலாம் என்றால், அவர் எனக்கு மூன்று ரூபாய் சில்லறை பாக்கி. கடைசியில் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரைப் பிடித்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், பார்ப்பார், எழுதுவார், போவார். அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அதைவிட நல்ல தகுதி என்ன வேண்டும்? நாலு நாள் திண்ணையில் உட்கார்ந்து அவர் க்ஷேமமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த பில் வழக்கம்போலத்தான் வந்தது.

ஐந்தாவது நாள் மாமாவிடம் போனேன், மனசால். உடனே உருளி குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கேதான் மெக்கானிக் முதல் கருவியை நீட்டுகிறார்: ரம்பம். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ரம்பத்தால் திருடர்கள் ஒருவனை அங்கம் அங்கமாக அறுத்தாலும், அப்போது அவர்கள் மேல் மனம் கெடுகிறவன் தன் வழியில் வந்தவன் இல்லை என்று புத்தர் சொன்னதை நினைத்துப் பார்க்க வேண்டும். திருச்சியில் மரக்கடை என்றே ஒரு பேட்டை இருப்பதால் எனக்கு ரம்பத்தைக் கற்பனை செய்வதில் சிரமம் இல்லை. முழங்கை வரைக்கும் அறுக்கக் கொடுத்தேன். திருடர்களை மன்னித்துவிடலாம் போலத்தான் இருந்தது. உருளியைத்தான் முடியவில்லை.

அதே ரம்ப உபதேசத்தில் இன்னொரு கதையும் வரும். சாவத்தியில் வேதேகிகா என்ற வீட்டம்மா. சாந்த சொரூபி என்று ஊரெல்லாம் பேர். வேலைக்காரி காளிக்கு ஒரு சந்தேகம்: அம்மா நிஜமாகவே சாந்தமா, அல்லது நான் ஒழுங்காக வேலை செய்வதால் சாந்தமா? ஒரு நாள் நேரம் கழித்து எழுந்தாள். முகம் சுளித்தது. மறுநாள் இன்னும் நேரம் கழித்து; வார்த்தை தடித்தது. மூன்றாம் நாள் கதவுத் தாழ்க்கட்டை பறந்து வந்து மண்டை உடைந்தது. காளி ரத்தம் சொட்டச் சொட்ட அக்கம்பக்கத்துக்கெல்லாம் போய், சாந்த சொரூபி செய்த வேலையைப் பாருங்கள் என்று காட்டினாள். எனக்கும் அலுவலகத்தில் பொறுமைசாலி என்று பேர் உண்டு. வைகுண்ட ஏகாதசி வாரத்தில், வீட்டில் பதினோரு விருந்தாளி இருக்கும்போது, பாத்திரம் தேய்க்கிற அம்மா ஒன்பது மணிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை என் அலுவலகம் பார்த்ததில்லை.

ரம்பம் வேலை செய்யவில்லையா? அந்த ஆளிடம் ஒரு நல்ல குணத்தைத் தேடு என்கிறது நூல். உடம்பில் ஒழுங்கு இருக்கலாம், பேச்சில் இல்லாமல் போகலாம். பேச்சு இனிமையாக இருக்கலாம், மற்றது கோணலாக இருக்கலாம். எது இருக்கிறதோ அதை மட்டும் பார், மிச்சத்தை விடு. இது நல்ல யோசனை. பத்து நாள் மாமாவைக் கண்காணித்தேன். பேச்சு தேறாது. கொடுக்கல் வாங்கல், அதைப் பற்றித்தானே இவ்வளவும். ஒரு நாள் கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றார். வலது கையைக் குழித்து, கீழே இடது கையில் மேல்துண்டின் நுனியைப் பிடித்து, ஒரு சொட்டு தரையில் விழாமல் வாங்கி, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார். அவ்வளவு கவனம். அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் மனசு கேட்டது: தீர்த்தத்தில் ஒரு சொட்டு விடாதவர் உருளியை மட்டும் எப்படி விடுவார்?

ஒரு நல்ல குணமும் கிடைக்காத ஆள் என்றால் இரக்கப்படு, பாவம், எட்டு மகாநரகத்துக்கும் பதினாறு துணை நரகத்துக்கும் போகப் போகிறான் என்கிறது அடுத்த யோசனை. இந்தப் படியில் எனக்குத் தேர்ச்சி உடனே கிடைத்தது. கொதிக்கிற வெண்கலம், நடுவில் மாமா, நான் ஓரத்தில் நின்று உச்சுக்கொட்டிக்கொண்டு. எச்சரிக்கை: ஊறுவது இரக்கமா இனிப்பா என்று நாக்கில் தொட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

எனக்குக் கொஞ்சம் உறைத்தது அதற்கு அடுத்ததுதான். எதிரியை அடிக்கக் கொள்ளியைக் கையில் எடுத்தவனுக்கு முதலில் கை வெந்துபோகிறது, மலத்தை எடுத்தவன் முதலில் தானே நாறுகிறான் என்று ஒரு உவமை. உவமையில் எனக்கு நாட்டமில்லை, கணக்கில் உண்டு. கணக்குப் பார்த்தேன். மாமாவுக்கு வயது எண்பத்திரண்டு. ஒரு மாத்திரை கிடையாது, மாடிப்படி ஏறி வடாம் காயப்போடுகிறார். எனக்கு ஐம்பத்தாறு, ரத்தக் கொதிப்புக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பதினான்கு வருடத்தில் நான் மாத்திரைக்குக் கொடுத்த காசில் பெரிய கடை வீதியில் உருளி மட்டுமல்ல, அண்டாவே வாங்கியிருக்கலாம்.

அவரவர் வினை அவரவருக்கு என்பது ஒரு படி. போதிசத்துவர் முற்பிறவிகளில் கை கால் வெட்டப்பட்டும் பொறுத்த கதைகள் ஒரு படி. அவற்றைப் படுக்கப் போகும்போது படிக்க வேண்டாம். மைத்திரியால் வரும் பதினோரு நன்மைகள் ஒரு படி: நல்ல தூக்கம், நல்ல விழிப்பு, கெட்ட கனவு இல்லை, தீயும் விஷமும் ஆயுதமும் அண்டாது, முகம் தெளியும் என்று பட்டியல் போகும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருக்கிறவன் கேட்கிற ஒரே வரமான கொசு, பட்டியலில் இல்லை.

பிறவிப் படி சுவாரஸ்யமானது. ஆதி தெரியாத இந்தப் பிறவிச் சுற்றில் ஒரு பிறவியிலாவது உனக்குத் தாயாக, தந்தையாக, உடன்பிறந்தவராக இல்லாத ஜீவன் கிடைக்காது. இந்த ஆளும் பத்து மாதம் உன்னைச் சுமந்து, மூத்திரமும் சளியும் முகம் சுளிக்காமல் துடைத்திருப்பார் என்று எண்ண வேண்டுமாம். எதுத்தாத்து மாமா மடியில் நான் படுத்திருப்பதை எண்ண முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் ஒரு தர்க்கம் பளிச்சிட்டது. உருளி என் அம்மாவுடையது. மாமா என் அம்மா. ஆகவே உருளி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. முக்கால் மணி நேரம் பரமசுகமாக இருந்தேன். மனைவியிடம் சொன்னேன். "அப்ப மாமி யாரு, உங்க அப்பாவா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

தாதுப் படியும் உண்டு: கோபம் யார் மேல்? அவர் தலைமயிர் மேலா, ரோமத்தின் மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா, தோலின் மேலா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மாமாவுக்கு முதல் அயிட்டம் கிடையாது, நாலாவது கட்டுப்பல். வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் பிரித்து வைத்த எல்லாம் சாயங்காலம் மறுபடி ஒன்றுசேர்ந்து, வேஷ்டி கட்டிக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

இதற்கு நடுவில் ஜாடைப் பேச்சையும் சமாளிக்க வேண்டும். அம்மா இருந்த நாளில் வாசலில் காக்காய்க்குச் சோறு வைத்துக்கொண்டே, "வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கற புத்தி உனக்காவது இருக்கே" என்று உரக்கச் சொல்வாள். எதிர்வீட்டில் மாமி சளைத்தவள் இல்லை. துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "நம்ம பொருளை நாமே கேட்டு வாங்கவே ஒரு ஜன்மம் போறது பாரு" என்பாள். என்ன துணிச்சல் என்று நாங்கள் வாயைப் பிளப்போம். திட்டு வாங்குவதற்கும் ஒரு பழைய முறை உண்டு. வேளுவனத்தில் ஒரு பாரத்வாஜ கோத்திரத்துக்காரர் புத்தரை நேரில் வந்து வாயில் வந்தபடி திட்டினார். புத்தர், உம் வீட்டுக்கு விருந்தாளி வருவதுண்டா, நீர் போட்டதை அவர்கள் சாப்பிடாவிட்டால் அது யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான். அப்படியானால் இந்தத் திட்டையும் நான் சாப்பிடவில்லை, நீரே எடுத்துப் போம். வந்தவர் கடைசியில் பிக்குவாகவே ஆகிவிட்டார். இந்த முறை நல்ல முறை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் யாராவது எதையாவது போட்டால் சாப்பிடாமல் எழுந்து போகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. திட்டையும் இரண்டாம் தடவை கேட்டுப் போட்டுக்கொள்வோம்.

கோபக்காரர்கள் மூன்று வகை என்று இன்னொரு இடத்தில் வருகிறது: பாறையில் எழுதியது போல் கோபம் வைத்திருப்பவன், மண்ணில் எழுதியது போல், தண்ணீரில் எழுதியது போல். பயிற்சிக்கு இந்த மூன்றும் ஒரே ஊரில் கிடைப்பது திருச்சியின் பாக்கியம். பாறைக்கு மலைக்கோட்டை. மேல் குகையில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வெட்டின எழுத்து இன்னும் இருக்கிறது. எதிரே கங்காதரர் சடையை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். அங்கே நின்றபோது, வேறொரு நினைப்பு வந்து சிரித்துவிட்டேன். இந்த மகேந்திரன் எழுதிய 'மத்தவிலாசம்' நாடகமே ஒரு பாத்திரச் சண்டைதான். காஞ்சிபுரத்தில் குடிகாரக் காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. வழியில் போன பௌத்த பிக்குவைப் பிடித்து, நீதான் எடுத்தாய், காட்டு உன் பாத்திரத்தை என்று ரகளை. கடைசியில் பார்த்தால், எடுத்துப் போனது நாய். ராஜா எழுதின நகைச்சுவை. நமக்கு ஒன்றும் சம்பந்தமில்லை என்று கீழே இறங்கிவிட்டேன்.

மண்ணுக்குக் காவிரி மணல். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: மணலில் எழுதினால் காற்றும் தண்ணீரும் சீக்கிரம் அழித்துவிடும் என்று எழுதினவர் வற்றாத ஆற்றை மனதில் வைத்திருக்கிறார். நம் ஊரில் மணலில் எழுதிய கோபத்துக்கு ஆயுள், மேட்டூர் திறக்கும் வரை. ஜூன் 12இல் திறந்தால் உண்டு. தண்ணீருக்கு அம்மா மண்டபம். படித்துறையில் கடைசிப் படியில் குந்தி, ஆள்காட்டி விரலால் தண்ணீரில் 'உருளி' என்று எழுதினேன். ரு முடிவதற்குள் உ போயிற்று. மறுபடி எழுதினேன். பக்கத்தில் தர்ப்பைக் கட்டோடு நின்ற வாத்தியார் குனிந்து, "தர்ப்பணமா சார்? கோத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, இந்த ஊருக்குக் கோபத்தைப் பற்றி சொந்தமாகவும் ஒரு ஏற்பாடு உண்டு. பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு இருந்துவிட்டு வருவார். இங்கே தாயாருக்குக் கோபம். உத்திரத்தன்று பெருமாள் வாசலில் வந்து நின்றால் கதவு சாத்தப்படும். பூவும் பழமும் வெண்ணெயும் வந்து விழும். மட்டையடி. போவதும் வருவதும் கெஞ்சுவதுமாகப் பிரணய கலகம் நடந்து, நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் பேசி, அன்றைக்கே இருவரும் ஒன்றாகச் சேர்த்தி. அந்தச் சேர்த்தியின் முன்னால்தான் ராமானுஜர் கத்யம் விண்ணப்பம் செய்தார். ஆயில்யத்துக்கும் உத்திரத்துக்கும் இடையே சில நாள்தான். கோபத்துக்குத் தேதி குறித்து, தேதிக்குள் தீர்த்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது ஒரு நம்மாழ்வார். எங்கள் சந்தில் எல்லோரும் ஏற்கெனவே ஏதாவது ஒரு கட்சியில் இருந்தார்கள்.

ஒரு நாள் நாலாம் பிராகாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஆலிநாடன் திருவீதி. ஆலிநாடன் என்றால் திருமங்கையாழ்வார். இங்கே மதில் எழுப்பியது அவர் கைங்கரியம் என்று ஐதீகம். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் குருபரம்பரைக் கதை மறைக்காமல் சொல்கிறது: நாகப்பட்டினத்து விகாரையிலிருந்த தங்க புத்தரைத் தூக்கி வந்து உருக்கினாராம். வழியில் திருக்கண்ணங்குடியில் வயல் சேற்றில் புதைத்து வைத்து, புளியமரத்தைக் காவலுக்கு விழித்திருக்கச் சொல்லிவிட்டுத் தூங்கினார். காலையில் வயலுக்காரன் ஏரோடு வந்தால், இது என் நிலம் என்றார். பத்திரம் எங்கே? ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது, கொண்டுவருகிறேன். ஊறாக் கிணறு, உறங்காப் புளி, தோலா வழக்கு என்று அந்த ஊருக்குப் பேர் வந்தது இப்படித்தான். வழக்கு இன்னும் தீரவில்லை. மதிலைத் தடவிப் பார்த்தேன். கல். சுடுகிற கல். பதினான்கு வருடத்துக்கு முன் போன ஒரு உருளிக்காக நான் புத்தரிடம் வைத்தியம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எங்கள் ஊர் தர வேண்டிய பாக்கி ஆள் உயரத்துக்கு மேல் என் முன்னால் நிற்கிறது. அவர் தரப்பிலிருந்து யாரும் காக்காயிடம் ஜாடை பேசினதாகத் தெரியவில்லை. நாகப்பட்டினத்தில் 1856இலிருந்து மண்ணைத் தோண்டத் தோண்டச் சுமார் 350 புத்தப் படிமங்கள் கிடைத்தன. முசிறிப் பக்கம் மங்கலத்தில் மீசை வைத்த புத்தர் ஒருவர்கூட இருக்கிறார், உள்ளூர்க் கோயிலோடு கோயிலாக. மீசைக்காரரே சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்கென்ன.

அன்றைக்கு ராத்திரிதான் கடைசிப் படிக்கு வந்தேன். எதற்கும் மசியாத கோபத்துக்கு நூல் வைத்திருக்கும் கடைசி மருந்து: ஏதாவது கொடு. எதிரிக்கு உன் பொருளைக் கொடு, அவன் பொருளை நீ வாங்கிக்கொள். இலங்கையில் சித்தலபர்வத விகாரையில் ஒரு பிக்குவைப் பெரியவர் ஒருவர் இருந்த இடத்திலிருந்து மூன்று தடவை கிளப்பிவிட்டார். கிளம்பினவர் போகும்போது தன் பிச்சைப் பாத்திரத்தைப் பெரியவர் கையில் கொடுத்தார். எட்டுக் காசு பெறும் பாத்திரம். அம்மா கொடுத்தது, நேர்வழியில் வந்தது, அம்மாவுக்குப் புண்ணியம் சேரட்டும் என்றாராம். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் பாத்திரம். எதிரி கையில். எனக்குச் சுமைகூலிகூட இல்லை; பாத்திரம் பதினான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறது. போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று மனைவி ஒரு சீப்பு பூவன்பழமும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தாள், எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டில். மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். "வாடாப்பா, வழி தெரிஞ்சுதா?" என்றார். மாமி காபி கொண்டுவந்தாள். கசப்பு பதமாக இருந்தது. பாதி குடித்ததும் சொல்லிவிட்டேன்.

"மாமா, அந்த உருளி. அது இனிமே உங்காத்துலயே இருக்கட்டும். அம்மா பேர்ல சந்தோஷமா கொடுக்கறேன்."

மாமா காதைக் கொடுத்து, "எந்த உருளி?" என்றார். மாமிக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பரணிலிருந்து எதையோ இழுத்து இறக்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். உள்ளே கார்த்திகை அகல்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டு, புடவைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்து, என் பக்கம் திருப்பினாள். புள்ளி புள்ளியாக 'ர.'

"இதுவா?" என்றாள். "இது எங்க மாமியாரோடதுன்னா. உன்னை உங்கம்மா உண்டாயிருந்தப்போ சீமந்தத்துக்குன்னு வாங்கிண்டு போனா. வாய் திறந்து கேக்க எங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமோ? பேரன் ஆண்டு நிறைவுன்னு ஒரு சாக்கு கிடைச்சு, போய்க் கேட்டு வாங்கிண்டு வந்தோம். தேய்ச்சு அலம்பித்தான் கொடுத்தா, அதைச் சொல்லணும். எங்க மாமியார் போற வரைக்கும், பொங்கல் வெக்கற அன்னிக்கெல்லாம், இப்படி உங்காத்து வாசலையே ஒரு பார்வை பார்ப்பா."

இந்த ஊரில் ர. என்று தொடங்காத பெயர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். நான் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு விஷயம் அப்போதுதான் பிடிபட்டது. சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "போனாப் போறது விடு. நாங்க அதையெல்லாம் அப்பவே மன்னிச்சாச்சு" என்றார்.

காதோரம் சுர்ரென்று ஏறியது. ராத்திரி மாத்திரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. எழுந்தேன், வரேன் மாமி என்றேன், சந்தைத் தாண்டி எங்கள் வாசல்படி ஏறினேன்.

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"தட்டு எங்கே?"